போனில் வரும் புதுப் புரோகிதர்கள்

(சென்னை நொச்சிக்குப்பத்தில் சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த பொதுக்கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



செல்போன் வழியாகவும் இன்டர்நெட் வழியாகவும் நம் பேரையும், பாங்கிக் கணக்கையும், ஆதார் எண்ணையும் களவாடுகிறவர்களிடமிருந்து தப்புவது எப்படி என்பதைப் பற்றி இன்று நம்மைப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். சுயமரியாதைக்காரனுக்கும் இந்தச் சங்கதிக்கும் என்ன சம்பந்தம், இது போலீஸ்காரர் வந்து சொல்லவேண்டியதல்லவா என்று சிலர் நினைக்கக்கூடும். சம்பந்தம் இருக்கின்றது என்பதை எடுத்துக்காட்டவே வந்திருக்கின்றோம். ஆனால் அதற்கு முன் உங்களுக்கு ஒரு கணக்கு ஒப்புவிக்க வேண்டியிருக்கின்றது. கணக்கு ஒப்புவிக்காமல் புத்தி மட்டும் சொல்ல வந்தால், நமக்கும் கோவில் பணத்தை விழுங்கிவிட்டு உபந்நியாசத்துக்கு ஏற்பாடு செய்கிற தர்மகர்த்தாவுக்கும் வித்தியாசம் இல்லாமற் போய்விடும்.

இந்தக் குப்பத்தில் ஒரு படிப்பகம் வைப்பதற்காக நீங்கள் பத்தும் இருபதுமாகக் கொடுத்த பணம் நம் பேரில் பாங்கியில் இருந்தது. மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்த தாய்மார்களின் பணமும் அதில் உண்டு. அந்தப் பணத்தில் ரூ. 18,600 திருட்டுப் போய்விட்டது. திருடியவன் பூட்டை உடைக்கவில்லை, கத்தியைக் காட்டவில்லை. நாமே நம் கையால் சாவியை எடுத்து அவனிடம் கொடுத்தோம். இருபது வருஷமாக மேடை மேடையாக ஏறி, "எதையும் கேட்டுப் பார், யோசித்துப் பார்" என்று தொண்டை கட்டிப்போகக் கத்துகிற நாம்தான் கொடுத்தோம்.

நடந்தது இதுதான். ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் நம் செல்போனுக்கு இங்கிலீஷில் ஒரு செய்தி வந்தது. போன மாதத்துப் பில் பதிவாகவில்லையென்றும், இன்றிரவு 9.30 மணிக்கு வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படுமென்றும், உடனே இன்ன அதிகாரியைக் கூப்பிட வேண்டுமென்றும் எழுதி, கீழே ஒரு போன் நம்பரும் கொடுத்திருந்தது. நாம் பில் கட்டியாகிவிட்டது. ரசீது மேஜை டிராயரில் இருந்தது. மின்சார ஆபீசோ தெருக்கோடியில் இருக்கின்றது. தவிரவும், நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் பில் வந்துகொண்டிருந்தது. ஆகவே "போன மாதத்துப் பில்" என்ற வார்த்தை ஒன்றே, எழுதியவன் தமிழ்நாட்டு மின்சார ஆபீசைக் கண்ணாலும் பாராதவன் என்பதைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. இதே மாதிரிச் செய்தி 2022-ஆம் வருஷத்திலேயே ஊரெல்லாம் சுற்றியதும், மின்சார வாரியத்தாரும் போலீசாரும் நம்பாதீர்கள் என்று எச்சரிக்கை விட்டதும் நாம் பத்திரிகையில் படித்த சங்கதிகளே. இவ்வளவும் இருந்தும் அந்த நம்பரைக் கூப்பிட்டோம்.

பேசியவன் மிக மரியாதையாகப் பேசினான். கட்டியது கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்றான். ஓர் ஆப்பை இறக்கிக்கொண்டு பத்து ரூபாய் கட்டினால் ஏறிவிடும் என்றான். மணியாகிறது, சீக்கிரம் என்றான். வீட்டில் பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை. பத்து ரூபாய்தானே என்று கட்டினோம். அந்த ஆப் நம் போனின் திரையை அப்படியே அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. நாம் அமுக்கிய ரகசிய எண்ணும், வந்த ஓ.டி.பி.யும் அவன் கண்ணெதிரே விழுந்தன. 9.30 மணிக்கு மின்சாரம் போகவில்லை, பணம் போயிற்று.

இதைவிட வெட்கமான பாகம் ஒன்று இருக்கின்றது. பணம் போனதும் அடுத்த நிமிஷமே புகார் செய்திருக்க வேண்டிய நாம், இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். சாமியாரிடம் ஏமாந்தவனை மேடையில் கேலி செய்கிற நாமே ஏமாந்தோமென்றால் ஊர் என்ன சொல்லும் என்ற பயந்தான் காரணம். மூன்றாம் நாள் புகார் கொடுத்தபோது பணம் பல கணக்குகளில் புகுந்து வெளியேறிவிட்டது. ரூ. 2,100 மாத்திரம் ஒரு கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றது. நம் மூடத்தனத்தால் போன பணத்தைவிட நம் போலிக் கௌரவத்தால் போன பணமே அதிகம் என்று ஒப்புக்கொள்ளுகின்றோம். அந்த ரூ. 18,600-ஐயும் நம் கைப்பணத்திலிருந்து கட்டுவோம். இதுவரை ரூ. 9,000 கட்டிய ரசீது தலைவரிடம் இருக்கின்றது. மீதியைப் பொங்கலுக்குள் கட்டாவிட்டால் இதே இடத்தில் எழுந்து நின்று நம்மைக் கேளுங்கள். இனிமேல் படிப்பகப் பணம் நம் ஒருவர் பேரில் இருக்கக்கூடாது. இருவர் பேரில் இருக்கவேண்டும். அதில் ஒருவர் இந்தக் குப்பத்துத் தாய்மார்களில் ஒருவராயிருக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.

நிற்க, நாம் ஏன் ஏமாந்தோம்? புத்தி இல்லாமலா? இருந்தது. ஆனால் அதை உபயோகிக்க அவன் நேரம் கொடுக்கவில்லை. யோசித்துப் பாருங்கள். ஜோசியன் என்ன செய்கிறான்? முதலில் "உனக்குச் சனி பிடித்திருக்கிறது" என்று பயங்காட்டுகிறான். பிறகு "பரிகாரம் இருக்கிறது, என் வழியாகத்தான் செய்யவேண்டும்" என்கிறான். கடைசியாக, "வெள்ளிக்கிழமைக்குள் செய்யாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது" என்று அவசரப்படுத்துகிறான். நமக்குப் புரியாத பாஷையில் நாலு வார்த்தையும் சொல்லுகிறான். போன் திருடன் செய்ததும் இதே நான்கு காரியந்தான்: பயம், பரிகாரம், கெடு, புரியாத பாஷை. சமஸ்கிருதத்துக்குப் பதிலாக இங்கிலீஷ். சனிக்குப் பதிலாக மின்சாரம். தட்சணைக்குப் பதிலாகப் பத்து ரூபாய். மந்திரம் புரியாததாலேயே அது பெரிய சங்கதியாயிருக்கும் என்று பரம்பரை பரம்பரையாகப் பழகிவிட்ட நாம், இங்கிலீஷில் வந்த மிரட்டலையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். ஆகவேதான் இது சுயமரியாதைக்காரர் பேசவேண்டிய சங்கதி என்கிறோம். பெரிய இடத்துப் பேரைக் கேட்டவுடன் கைகட்டி நிற்கும் குணம் நம்மை விட்டுப் போகாத வரையில், அந்தக் குணத்தை வைத்துப் பிழைக்கிறவனும் போகமாட்டான்.

இந்தத் திருட்டுக்கு இங்கிலீஷில் 'பிஷிங்' என்று பேர். 1990-களின் நடுவில் அமெரிக்காவில் ஏ.ஓ.எல். என்ற இன்டர்நெட் கம்பெனியின் வாடிக்கைக்காரர்களுக்கு, கம்பெனியே எழுதியது போலக் கடிதம் அனுப்பி, ரகசிய வார்த்தையைக் கேட்டு வாங்கிய கூட்டத்தாரிடையே இந்தப் பேர் உண்டாயிற்று. மீன் பிடிப்பது என்ற இங்கிலீஷ் வார்த்தையின் எழுத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதினார்கள், அவ்வளவுதான். இரையைப் போட்டு உட்கார்ந்திருந்தால், கடிக்கிறது கடிக்கட்டும் என்பது கருத்து. ஆகவே இதை உங்களுக்கு விளக்க நாம் யார்? தூண்டிலைப் பற்றி நொச்சிக்குப்பத்தாருக்குத் தெரியாதது இல்லை. மீன் முள்ளைக் கடிப்பதில்லை, இரையைத்தான் கடிக்கிறது. எந்த மீனுக்கு எந்த இரை, எந்த நேரத்தில் போடவேண்டும் என்று நீங்கள் பார்ப்பது போலவே அவனும் பார்க்கிறான். கரையிலிருந்து தூண்டில் போட்டே பழகிய உங்கள் வீட்டுக்குள் அவன் இரையை வீசும்போது, அதைக் கண்டுகொள்ளவேண்டியது அவசியமல்லவா?

அவன் போடும் இரைகள் எவை? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் வீட்டில் வருமானம் இல்லை; நிவாரணப் பணத்தை எதிர்பார்த்திருப்பீர்கள். அப்போது ஒருவன் கூப்பிட்டு, "மீன்வளத் துறையிலிருந்து பேசுகிறேன், உங்கள் நிவாரணம் நின்றுபோயிருக்கிறது, போனுக்கு வரும் ஆறு எண்ணைச் சொன்னால் உடனே ஏறிவிடும்" என்பான். தாய்மார்களிடம் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்பான். வாலிபரிடம் வீட்டிலிருந்தே நாளைக்கு இரண்டாயிரம் சம்பாதிக்கலாம் என்பான். கிழவரிடம் பென்ஷன் கணக்கு முடங்கிவிட்டது என்பான். இவற்றில் ஒன்று ஆசை, மற்றொன்று பயம். இவ்விரண்டும் தவிர மூன்றாவது இரை அவனிடம் கிடையாது.

பயத்திலே பெரிய பயமாக இப்போது 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வீடியோவில் போலீஸ் உடுப்போடு ஒருவன் தோன்றி, உன் பேரில் வந்த பார்சலில் போதை மருந்து இருந்தது, உன் ஆதாரை வைத்துக் கறுப்புப் பணம் மாற்றியிருக்கிறது, உன்னைப் போன் மூலமாகவே கைது செய்திருக்கிறோம், திரையை விட்டு நகராதே, யாரிடமும் பேசாதே என்பான். பிறகு விசாரணை முடியும் வரையில் பணத்தை "அரசாங்கக் கணக்கில்" போட்டுவை என்பான். தோழர்களே! இந்த நாட்டுச் சட்டத்தில் போன் மூலமாகக் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. பிரதம மந்திரியே 2024 அக்டோபர் 27-ந் தேதி ரேடியோவில் இதை எடுத்துச் சொல்லி எச்சரிக்கவேண்டி வந்தது. சுப்ரீம் கோர்ட்டு 2025-இல் தானாகவே இந்த விவகாரத்தை எடுத்துக்கொண்டு, அந்த வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, இந்த மோசடிகளை விசாரிக்கும்படி சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டது.

படிக்காத ஏழைகள்தான் இப்படி ஏமாறுவார்கள் என்று மேல்மாடியில் இருப்பவர்கள் சொல்லுவதுண்டு. குப்பத்து ஜனங்களைப் பற்றி இப்படிச் சொல்லுவது அவர்களுக்கு எப்போதும் ஒரு சுகம். உண்மை என்ன? பஞ்சாபிலே லூதியானாவில் பெரிய நூல் ஆலைக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், எண்பது வயதைத் தாண்டியவர், பத்மபூஷண் பட்டம் பெற்றவர். 2024 ஆகஸ்டில் அவரை இவ்விதம் "கைது" செய்து, வீடியோவிலேயே சுப்ரீம் கோர்ட்டு ஒன்றைக் கூட்டி, பிரதம நீதிபதி என்று ஒருவனைப் பேசவைத்து, தீர்ப்பும் எழுதிக் காட்டி, 7 கோடி ரூபாயை வாங்கிக்கொண்டார்கள். அவர் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாமல் போலீசில் புகார் செய்து, நடந்ததை ஊரறியச் சொன்னார். அதனால் 5 கோடி ரூபாய்க்கு மேல் மீண்டது. அவர் கோடீசுவரர் என்பதற்காக அல்ல, வாயைத் திறந்தார் என்பதற்காகவே அவரைப் பாராட்டுகின்றோம். நாம் அந்த இரண்டு நாளில் செய்யாத காரியத்தை அவர் செய்தார்.

பார்லிமெண்டில் சர்க்கார் கொடுத்த கணக்கின்படி, இந்தியாவில் ஜனங்கள் இப்படி இழந்தது 2023-இல் 7,465 கோடி ரூபாய்; 2024-இல் அதுவே 22,845 கோடி ரூபாய். ஒரே வருஷத்தில் மூன்று பங்காகிவிட்டது. இது புகார் வந்த கணக்கு மாத்திரமே. நம்மைப்போல் வெட்கப்பட்டு மூடிவைத்தவர்கள் கணக்கு இதில் சேராது.

இனி, இந்தத் திருடர்கள் யார் என்பதையும் பார்க்கவேண்டும். ஜார்க்கண்டில் ஜாம்தாரா என்று ஒரு ஜில்லா. பாங்கியிலிருந்து பேசுகிறேன் என்று போன் செய்து ஏமாற்றுகிறவர்களால் நாடெங்கும் பேர் கெட்டுப்போன ஊர். அந்த ஜில்லாவிலுள்ள கர்மாடாரில்தான், விதவைகளுக்கு மறுமணம் செய்யச் சட்டம் வரவேண்டுமென்று போராடி 1856-இல் அதைக் கொண்டுவரச் செய்த ஈசுவர சந்திர வித்யாசாகர் தம் கடைசிக் காலத்தில் பல வருஷம் குடியிருந்து, பழங்குடி மக்களுக்கு மருந்து கொடுத்தும், பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தும் வந்தார். அப்பேர்ப்பட்ட மண்ணில் இந்தத் தொழில் ஏன் முளைத்தது? மண்ணின் குணமா? ஜாதிக் குணமா? இல்லை. வேலையில்லாத வாலிபர் கையில் போனும், பல பேரில் வாங்கிய சிம்மும், பிறர் பேரிலுள்ள பாங்கிக் கணக்கும் சுலபமாய்க் கிடைத்ததுதான் காரணம். இம்மூன்றும் கிடைக்கிற எந்த ஊரும் ஜாம்தாரா ஆகலாம், நொச்சிக்குப்பமும் ஆகலாம். ஆகவே இங்குள்ள வாலிபத் தோழர்களுக்கு விசேஷமாகச் சொல்லுகின்றோம். உன் பாங்கிக் கணக்கை ஒரு மாதம் கொடு, ஏ.டி.எம். கார்டைக் கொடு, ஐயாயிரம் தருகிறோம் என்று எவனாவது வந்தால் துரத்துங்கள். ஊரார் பணம் அந்தக் கணக்கில் வந்து இறங்கும். பெரிய திருடன் எங்கோ இருப்பான். போலீசார் தேடிவந்து நிற்கும் வாசல் உங்கள் தாயார் மீன் அரிந்துகொண்டிருக்கும் வாசலாயிருக்கும்.

மற்றொன்று. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கம்போடியாவில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று ஏஜெண்டுகள் அழைப்பார்கள். 2022-இல் அப்படி நம்பிப்போன தமிழ் வாலிபர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, அடைத்துவைக்கப்பட்டு, இதே போன் மோசடியைச் செய்யும்படி அடித்து உதைக்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். போனில் நம்மை மிரட்டுகிறவனே எங்கேயோ ஒருவனால் மிரட்டப்படும் அடிமையாயிருக்கக்கூடும். இதனால் திருட்டு நியாயமாகிவிடாது. ஆனால் நம் பிள்ளைகள் அந்தக் கூண்டில் போய் விழாமல் பார்ப்பதும் இந்தத் திருட்டைத் தடுப்பதில் ஒரு பாகமாகும்.

இனி, செய்யவேண்டியவை எவை? அவை மிகவும் சுருக்கமானவை. மந்திரம் ஒன்றும் இல்லை.

முதலாவது, பணம் வாங்குவதற்கு ரகசிய எண் வேண்டியதேயில்லை. பணம் கொடுப்பதற்கு மாத்திரமே வேண்டும். "உங்களுக்குப் பணம் வருகிறது, பின் நம்பரைப் போடுங்கள்" என்றால், உங்கள் பணம் போகிறது என்று அர்த்தம். இந்த ஒரு வரியை வீட்டிலுள்ள குழந்தைக்கும் சொல்லிவையுங்கள்.

இரண்டாவது, ஓ.டி.பி. என்பது உங்கள் கையெழுத்துக்குச் சமானம். வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கி நிலத்தைப் பறித்த வட்டிக்கடைக்காரன் கதை நம் ஜனங்களுக்குத் தெரியாததல்ல. முகந்தெரியாதவனிடம் ஓ.டி.பி. சொல்லுவது வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பதேயாகும். பாங்கிக்காரன் கேட்டாலும், போலீஸ்காரன் கேட்டாலும், மந்திரியே கேட்டாலும் சொல்லக்கூடாது. யோக்கியமானவன் கேட்கமாட்டான், கேட்கிறவன் யோக்கியனல்ல.

மூன்றாவது, அவன் கொடுத்த நம்பரில் அவனை விசாரிக்காதீர்கள். ஜோசியன் சொன்னது மெய்யா என்று அந்த ஜோசியனையே கேட்டால் என்ன சொல்லுவான்? போனை வைத்துவிட்டு, பாங்கிப் புத்தகத்திலோ, கார்டின் பின்புறத்திலோ உள்ள நம்பரில் கேளுங்கள். அல்லது நேரில் நடந்து போங்கள். அவன் அனுப்பிய சுட்டியை அமுக்காதீர்கள். அவன் சொன்ன ஆப்பை இறக்காதீர்கள். பாங்கிகளெல்லாம் தங்கள் இன்டர்நெட் விலாசத்தை 2025 அக்டோபர் முடிவதற்குள் 'டாட் பாங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்றவேண்டுமென்று ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. விலாசத்தின் வாலைப் பார்த்தே பல போலிகளைக் கண்டுகொள்ளலாம்.

நான்காவது, படத்தையும் குரலையும் நம்பாதீர்கள். தமிழ்நாட்டுப் போலீஸ் தலைவராயிருந்த சைலேந்திர பாபு அவர்களின் படத்தையே வாட்ஸப்பில் ஒட்டிக்கொண்டு, 2022-இல் திருடர்கள் பணம் பறிக்கப் பார்த்தார்கள். போலீஸ் தலைவரின் முகமே திருடனுக்கு முகமூடியாகுமானால், உங்கள் மைத்துனன் முகம் ஆகாதா? ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்பு என்று சொந்தக்காரன் பேரில் செய்தி வந்தால், அவனுடைய பழைய நம்பரில் கூப்பிட்டு அவனோடு பேசிவிட்டு அனுப்புங்கள்.

ஐந்தாவது, மீன் விற்கும் தாய்மார்களுக்கு. லூப் ரோட்டு மீன் அங்காடியில் இன்று எல்லாத் தட்டிலும் கியூ.ஆர். அட்டை இருக்கின்றது. காலையில் கடை போட்டவுடன் அந்த அட்டையின்மேல் வேறெவனாவது தன் அட்டையை ஒட்டியிருக்கிறானா என்று பாருங்கள். வஞ்சிரம் வாங்குகிறவன் தன் போனில் காட்டும் படம் பணமாகாது. உங்கள் போனுக்கோ, உங்கள் பெட்டிக்கோ சத்தம் வந்தால்தான் பணம்.

ஆறாவது, ஆதார் நகலைக் கேட்கிறவனுக்கெல்லாம் கொடுக்காதீர்கள். முதல் எட்டு எண்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதார் அட்டை இருக்கின்றது. அது போதுமான இடத்தில் அதையே கொடுங்கள். கைரேகையை வைத்துப் பணம் எடுக்காமலிருக்க, ஆதாரில் ரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதைச் சர்க்காரின் 'சஞ்சார் சாத்தி'யில் பார்க்கலாம். நீங்கள் வாங்காத சிம் இருந்தால் அங்கேயே சொல்லி நிறுத்தலாம்.

இந்த இடத்தில் ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பெண்களின் போனும், கார்டும், ரகசிய எண்ணும் யார் கையில் இருக்கின்றன? விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, தலையில் சுமந்து விற்று, குடும்பத்தைக் காப்பாற்றுகிற பெண்ணுக்கு, தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. பேரன் பார்த்துச் சொல்லவேண்டும். கடைக்காரன் எண்ணை அமுக்கிக் கொடுக்கவேண்டும். பிறர் கையை நம்பியே பழக்கப்பட்டவளிடம், "அம்மா, நான் செய்துதருகிறேன், எண்ணை மட்டும் சொல்லு" என்று திருடன் கேட்டால், அவள் எப்படிச் சந்தேகப்படுவாள்? பெண்ணை அறியாதவளாக வைத்திருப்பது ஆணுக்கு வசதி என்று நினைத்தோம். அது திருடனுக்கும் வசதியாய்ப் போய்விட்டது. அவரவர் போனை அவரவரே திறந்து, படித்து, எண்ணை அமுக்கப் பழகவேண்டும். படிப்பகத்தில் முதல் வகுப்பு இதற்கே நடக்கும், பெண்களுக்கே நடக்கும்.

நாம் எல்லாப் பழியையும் ஜனங்கள் தலையில் கட்டுவதாக நினைக்கவேண்டாம். பாங்கிகள் எச்சரிக்கையைக்கூட இங்கிலீஷில் அனுப்புகின்றன. சட்டம் ஒன்றும் இல்லாமலில்லை. ஜனங்கள்மேல் பிழையின்றி, பாங்கியின் மேலும் பிழையின்றி வேறெங்கோ நேர்ந்த கோளாறினால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் ஜனங்களைச் சேராது என்று 2017 ஜூலையில் ரிசர்வ் பாங்கி விதி செய்தது. ரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தாலும், பாங்கிக்குச் சொன்ன பிறகு போகும் பணத்துக்குப் பாங்கியே பொறுப்பு என்றும் அதே விதி சொல்லிற்று. இதை எத்தனை பாங்கிகள் தமிழில் எழுதி வாசலில் ஒட்டின? உரிமை இருப்பதைச் சொல்லாமல் வைத்திருப்பதும், சாஸ்திரத்தை மற்றவன் படிக்கக்கூடாது என்று வைத்திருந்ததும் ஒரே ஜாதிக் காரியமேயாகும். தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பது பிச்சையல்ல. நம் பணத்தை வைத்துப் பிழைப்பவர்களிடம் நாம் கேட்கும் கணக்கு.

முடிவாக ஒன்று. இவ்வளவு சொல்லியும் நம்மில் ஒருவர் நாளைக்கு ஏமாறலாம். ஏமாந்தால் என்ன செய்வது? உடனே 1930 என்ற நம்பரைக் கூப்பிடவேண்டும். இரவானாலும் கூப்பிடவேண்டும். பிறகு பாங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தவேண்டும். வந்த செய்தியையும் நம்பரையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற சர்க்கார் தளத்தில் புகாரைப் பதியவேண்டும். முடியாதவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவுவதற்குள் அதைப் பிடித்து நிறுத்துவதற்காகவே 1930 இருக்கின்றது. ஆகையால் ஒவ்வொரு நிமிஷமும் பணம். அழுதுகொண்டிருக்கிற நேரமும், புருஷன் என்ன சொல்லுவான் என்று பயந்துகொண்டிருக்கிற நேரமும் திருடனுக்குக் கொடுக்கிற நேரமாகும்.

ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சிரிப்புக்குப் பயந்துதான் நாம் இரண்டு நாள் சும்மாயிருந்தோம். வெட்கப்படவேண்டியவன் திருடியவன், திருட்டுக் கொடுத்தவன் அல்ல. ஏமாறாமலிருப்பது மாத்திரம் பகுத்தறிவல்ல. ஏமாந்ததை மறைக்காமல் நாலு பேரிடம் சொல்லி, ஐந்தாவது ஆளை ஏமாறாமல் செய்வதும் பகுத்தறிவேயாகும்.

தோழர்களே! நீங்கள் கடலுக்குப் போகுமுன் காற்று எங்கிருந்து அடிக்கிறது, நீரோட்டம் எப்படியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் படகைத் தள்ளுகிறீர்கள். "இன்று கடல் அமைதி" என்று ஒருவன் தாளில் எழுதிக் கொடுத்தான் என்பதற்காக அலையைப் பாராமல் இறங்குவதில்லை. அந்தப் புத்தியையே போனிலும் காட்டுங்கள். புதிதாக ஒன்றும் வேண்டியதில்லை. எவன், ஏன், எதற்கு, எப்படி என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்கவிடாமல் அவசரப்படுத்துகிறவன் யாராயிருந்தாலும், பூணூல் போட்டிருந்தாலும், காக்கி போட்டிருந்தாலும், சூட்டும் கோட்டும் போட்டிருந்தாலும், அவன் நம் பையைப் பார்த்து வந்தவன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படிப்பகம் திறந்தால் அதன் சுவரில் எந்தத் தலைவர் படத்துக்கும் முன்னால் 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம். பக்கத்தில் அந்த ரூ. 18,600 கணக்கையும் ஒட்டிவையுங்கள். நம் பேரையும் போட்டே ஒட்டிவையுங்கள். இனிக் கேள்வி கேட்கலாம். எவ்வளவு கேள்வியானாலும் இருந்து பதில் சொல்லிவிட்டே போகின்றோம்.